அனலொக் ஒளிபரப்பின் முடிவும் முதியோரும்: பிரித்தானிய, அமெரிக்க அனுபவங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் புத்தாக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி எப்போது தோன்றியது, எவரால் ஆக்கப்பட்டது, எவ்வாறு பரவியது என்பனவே அதன் வழமையான வினாக்கள். பழையதொன்று நிறுத்தப்பட்டபோது அதனை நம்பியிருந்தோர் என்ன ஆயினர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளில் அனலொக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டமை இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதொரு நிகழ்வாகும். ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் தம் முதியோரை இம்மாற்றத்தினூடாக எவ்வாறு அழைத்துச் சென்றன என்பதை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றத்துக்கான காரணம் தெளிவானது. ஒரு அனலொக் சேவை பிடித்திருந்த அலைவரிசை இடத்தில் பல டிஜிற்றல் சேவைகளை அனுப்ப முடியும். எஞ்சும் இடத்தைக் கைத்தொலைபேசி முதலிய வேறு தேவைகளுக்கு வழங்கலாம். 2003 ஓகஸ்ட் 4ஆம் திகதி பேர்லின் நகரப் பகுதி அனலொக் தரைவழி ஒளிபரப்பை முற்றாக நிறுத்தி வழிகாட்டியது. ஐக்கிய அமெரிக்கா, விடுபடவிருந்த அலைவரிசைகளை 2008இல் ஏலத்தில் விற்று 1900 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. ஆதாயம் அரசுக்கும் தொலைபேசிக் கம்பனிகளுக்கும் உரியதாயிற்று. மாற்றுப்பெட்டி ஒன்றைத் தேடிப் பெற்றுப் பொருத்தும் சுமையோ பார்வையாளரின் வாசலில் வந்து நின்றது.

இச்சுமை எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. கேபிள் அல்லது செய்மதி இணைப்புள்ள இல்லங்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை. அன்ரனாவை மட்டும் நம்பியிருந்தோரே பாதிக்கப்பட்டனர். இவர்களுள் முதியோரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. அவர்கள் அறியாதவர்கள் அல்லர். பழைய முறையை நன்கு அறிந்தவர்கள். படம் மங்கினால் அன்ரனாவைச் சற்றே திருப்ப வேண்டும் என்பதும், திரையிற் புள்ளிகள் குறைவதைக் கொண்டு சரியான திசையை உணரலாம் என்பதும் அவர்களது பல்லாண்டு அனுபவ அறிவு. டிஜிற்றல் ஒளிபரப்பில் இவ்வறிவு பயன்படாது போயிற்று. அங்கு படம் படிப்படியாக மங்குவதில்லை; ஓர் எல்லை வரை தெளிவாக நின்று, அதற்கப்பால் கட்டங்கட்டமாகச் சிதறி மறைந்துவிடும். தொலைக்காட்சிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என இரண்டு றிமோட்டுகள் கைக்கு வந்தன. எவ்விதப் பழுதுமற்ற தொலைக்காட்சியில் ஏன் படம் வரவில்லை என்பதே விளங்காத புதிராயிற்று.

அமெரிக்க அரசு இதனைப் பொருட்குறைபாடாகவே கண்டது. 2008 ஜனவரி முதல், விண்ணப்பித்த இல்லமொன்றுக்கு 40 டொலர் பெறுமதியான கூப்பன்கள் இரண்டு வரை வழங்கப்பட்டன. கூப்பன் 90 நாட்களில் காலாவதியாகும். கடைக்குச் செல்லத் துணை தேடியவர்க்கு இக்கால எல்லை ஓர் இடையூறாக அமைந்தது. 2009 ஜனவரியில், நிறுத்தத்துக்கு ஆறு வாரங்களே இருந்த நிலையில், கூப்பனுக்கான நிதி தீர்ந்து காத்திருப்போர் பட்டியல் உருவாயிற்று. இதனால் பெப்ரவரி 17 என விதிக்கப்பட்டிருந்த நாளை அமெரிக்கக் காங்கிரஸ் ஜூன் 12க்குப் பின்தள்ளியது. அந்நாளில் மட்டும் தொடர்பாடல் ஆணைக்குழுவின் உதவித் தொலைபேசிக்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன.

அவ்வழைப்புகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, பெட்டியை இயக்குவது பற்றியது என்பது இங்கு கருதத்தக்கது. அவ்வாறு அழைத்தோர் பெட்டி இல்லாதவர் அல்லர். பெட்டி இருந்தும் படம் வராதவர். பெட்டி முதன்முறை இயக்கப்படும்போது அலைவரிசைகளைத் தேடி ஒரு பட்டியலை நினைவிற் பதித்துக்கொள்கிறது. ஜூன் 12இல் பல நிலையங்கள் தமது தற்காலிக அலைவரிசையிலிருந்து நிலையான அலைவரிசைக்கு மாறியதால் அப்பட்டியல் பழையதாயிற்று. மீண்டும் தேடுமாறு பெட்டிக்குக் கட்டளையிட்டாற் போதும். ஆனால் அதனைச் சொல்லிக்கொடுப்பது கூப்பனால் ஆகாத காரியம்.

பிரித்தானியா வேறு வழியிற் சென்றது. 2006இல் போல்ரன் நகரில் 75 வயதுக்கு மேற்பட்டோரிடையே முன்னோட்டம் ஒன்று நடத்தப்பட்டது. பின்னர் பி.பி.சி.யின் பொறுப்பில் உதவித் திட்டமொன்று நிறுவப்பட்டு, தொலைக்காட்சி அனுமதிக் கட்டணத்திலிருந்து 60 கோடி 30 இலட்சம் பவுண் அதற்கென ஒதுக்கப்பட்டது. 75 வயதைக் கடந்தோரும் உடற்குறையுடையோரும் பார்வை குன்றியோரும் 40 பவுண் செலுத்தினால், பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பொருத்தி, அதனை இயக்கும் முறையையும் காட்டிச் செல்வார். வறியோருக்கு இது இலவசம். அதன் பின்னும் ஓராண்டுக்குத் தொலைபேசி வழி உதவி கிடைத்தது. ஒளிபரப்பு நிறுத்தமும் பிரதேசம் பிரதேசமாகவே நிகழ்ந்தது. முதற் பிரதேசமான வைட்ஹேவனில் 2007 ஒக்டோபர் 17இல் பி.பி.சி. 2 மட்டும் நிறுத்தப்பட்டது. ஏனையவை நான்கு வாரங்கள் கழித்து, நவம்பர் 14இல் நிறுத்தப்பட்டன. ஒரு சேவை மறைந்ததே விழித்துக்கொள்ளாதோருக்கு எச்சரிக்கையாயிற்று. 2012 ஒக்டோபர் 24இல் வட அயர்லாந்துடன் பணி நிறைவுற்றது.

இரு நாடுகளிலும் 40 என்ற எண்ணே இடம்பெறுகின்றது. ஒன்று 40 டொலரைக் கொடுத்துவிட்டு விலகி நின்றது. மற்றது 40 பவுணைப் பெற்றுக்கொண்டு வீடு தேடிச் சென்றது. முன்னது முதியவரை வாங்குபவராகக் கண்டது. பின்னது கற்பவராகக் கண்டது. நிலப்பரப்பாலும் நிலையங்களின் எண்ணிக்கையாலும் அமெரிக்காவின் பணி கடினமானது என்பது உண்மையே. ஆயினும் வேறுபாட்டின் வேர், எது இல்லாமையாற் படம் மறைகிறது என்ற புரிதலிலேயே உள்ளது.

எனினும் பிரித்தானியத் திட்டத்தை முழு வெற்றியெனப் போற்றுவதும் அவசரமாகும். எதிர்பார்த்ததை விடக் குறைவானோரே அதனை நாடினர். ஒதுக்கிய நிதியிற் பெரும் பகுதி மிஞ்சியது. உரிமையிருந்தும் விண்ணப்பிக்காத அம்முதியோர் இருளில் இருந்துவிடவில்லை. அவர்களுட் பலருக்கு மகனோ பேர்த்தியோ அயலவரோ பெட்டியைப் பொருத்தி, அழுத்த வேண்டிய பொத்தானைக் காட்டிக்கொடுத்திருப்பர் என ஊகிப்பதில் தவறில்லை. அலைவரிசை விற்ற பணத்துக்குக் கணக்குண்டு. அனுப்பப்பட்ட கூப்பனுக்கும் கணக்குண்டு. உறவினர் பொறுமையோடு மூன்றாம் முறையும் நான்காம் முறையும் சொல்லிக்கொடுத்த அந்தப் பணிக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை. அரசு தன் ஆதாயத்துக்காகப் பழையதொன்றை நிறுத்தும்போது, அதனை நம்பியிருந்தோர்க்குப் புதியதைக் கற்பிக்கும் கடமையும் அதனுடையதே. அக்கடமையில் அரசு நிறைவேற்றாது விட்ட பங்கைக் குடும்பங்களே ஏற்றுக்கொண்டன. 1979இல் தொலைக்காட்சியை வரவேற்ற நம் நாட்டவரும் இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது இதுவேயாகும்.