லைட்டும் ஹெவியும்

‘பேக்’ என்று தமிழில் எழுதிவிட்டு அது என்ன ஆங்கிலச் சொல் என்று கேட்டால் மூன்று பதில் வரும். சாமானைக் கட்டி மூட்டையாக்குவது ஒன்று. முதுகுப்புறம், அல்லது ‘திரும்ப’ என்பது இன்னொன்று. தோளில் மாட்டுகிற பை மூன்றாவது. நம்மிடம் இருப்பது ஒரே ப, ஒரே க. அதனால் மூன்றையும் ஒரே மாதிரி எழுதி, பெரும்பாலும் ஒரே மாதிரி சொல்லியும் வந்தோம். பண்பொழி, வடகரை, அச்சன்புதூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கும் காதைக் கொடுத்தது ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிடியூட்தான். பள்ளிக்கூடத்தில் ஸ்பெல்லிங் வந்தது, காது வரவில்லை. நான் எழுபதுகளில் தென்காசியில் ஒரு மாடி இன்ஸ்டிடியூட்டில் படித்து, ஸ்டெனோவாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த இடங்களை எல்லோரும் வேலை வாங்கித் தந்த இடம் என்று மட்டுமே நினைக்கிறார்கள். ஆங்கிலம் நம் பக்கம் வந்த வரலாற்றில் அவற்றுக்கு ஒரு அத்தியாயமே எழுதலாம்.

ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்து முறையை இங்கிலாந்தில் வெளியிட்டது 1837-ல். ஸ்பெல்லிங்கை அவர் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. ஒலிகளையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தார். உதடு சேர்ந்து பிறக்கும் இரண்டு ஒலிக்கும் சாய்வான ஒரே கோடு. தொண்டை அதிராத ஒலிக்கு அதை மெல்லிசாக இழுக்க வேண்டும், அதிர்கிற ஒலிக்கு அழுத்தி இழுக்க வேண்டும். எங்கள் பேச்சில் அது லைட், இது ஹெவி. ட, க, ச வரிசைக்கும் இதே கதைதான். ‘பேக்’ மூன்றில் மூட்டை கட்டுவது லைட்-லைட், முதுகு ஹெவி-லைட், பை ஹெவி-ஹெவி. சம்பளம் கொடுக்கிற ‘பே’ லைட், வளைகுடாவின் ‘பே’ ஹெவி. கழுத்தில் கட்டுகிற ‘டை’ லைட், செத்துப்போவது ஹெவி. ‘வந்தான்’ என்பதும் ‘விளையாட்டு’ என்பதும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கேம்’. நோட்டில் அவற்றைப் பிரிப்பது முதல் கோட்டின் தடிமன் மட்டும்.

இதை எங்களுக்குப் புரிய வைக்க இன்ஸ்டிடியூட் மாஸ்டர் ஆங்கிலத்தைத் தொடவே இல்லை. “தம்பி, தொண்டையில விரல வச்சுக்கிட்டு பாட்டுன்னு சொல்லு. இப்ப கம்பம்னு சொல்லு. பாட்டுல வர்ற ப லைட், கம்பத்துல வர்ற ப ஹெவி. பட்டத்துல ட லைட், பண்டத்துல ஹெவி. உன் வாயிலேயே ரெண்டும் இருக்குடா” என்பார். அவர் சொன்னது உண்மை. இரண்டு ஒலியும் நம் வாயில் உண்டு, ஆனால் இடம் பார்த்துத்தான் வரும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை. மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் தானாகவே மெலிந்துவிடும். இந்த விதியை ஐரோப்பிய மொழியியலின் பாஷையில் விளக்கியவர் கால்டுவெல். 1856-ல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்தில் அது இருக்கிறது. அவர் அரை நூற்றாண்டு வாழ்ந்த இடையன்குடி எங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. மாஸ்டர் கால்டுவெல்லைப் படித்தவரில்லை. தினமும் மாணவர்களின் நோட்டைத் திருத்தித் திருத்தி அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

தடுமாற்றங்களும் இந்த விதியை ஒட்டியே வரும். சொல் தொடக்கத்தில் ஹெவி வர வேண்டிய இடத்தில் லைட் போடுவார்கள்: பெரியது என்பது பன்றி ஆகிவிடும். மெல்லினத்துக்குப் பின்னால் லைட் வர வேண்டிய இடத்தில் ஹெவி விழும்: மாமா கோணமாகிவிடுவார், ‘அங்கிள்’ ‘ஆங்கிள்’ ஆகிவிடுவதால். மாஸ்டரின் சிவப்பு மை விழுந்த இடங்களை மட்டும் எடுத்து அடுக்கினால் தமிழ் ஒலியிலக்கணமே கிடைக்கும்.

தடிமன் ஒரு பாதி, இடம் மறு பாதி. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கோடும் உண்டு. வேகத்தில் அவற்றைப் போட நேரம் இருக்காது. அதற்காக பிட்மன் நோட்டின் வரியையே பயன்படுத்தினார். ட-வும் ப-வும் சேர்ந்த ஒரே கோட்டு வடிவத்தை, அதாவது அவுட்லைனை, வரிக்கு மேலே எழுதினால் குழாய், அல்லது உச்சி, அல்லது தட்டச்சு அடிப்பது. வரியின் மேல் உட்கார வைத்தால் நாடா. வரியை வெட்டிக்கொண்டு போனால் நுனி. மேலே நிற்கும் மூன்றில் எது என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். விலைக்கும் பரிசுக்கும் வரியின் உதவிகூடக் கிடையாது. கடைசி ஒலிக்கு ஒரே சின்ன வட்டம், அவுட்லைன் அச்சு அசலாக ஒன்றே. கடிதத்தின் சங்கதி தெரியாதவன் அங்கே தொலைந்தான். நல்ல ஸ்டெனோ கையால் மட்டும் எழுதுவதில்லை என்று ஆபீசர்கள் சொல்வது இதனால்தான்.

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்களுக்குத் தனிக் கஷ்டம். தாள் ஈரம் இழுத்து நமத்துப்போகும். மெல்லிசாக இழுத்தாலும் பென்சில் பதிந்து கோடு தடிக்கும். அழுத்தினால் தாள் கிழியும். நோட்டை வேட்டித் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் பை போட்டு பஸ்ஸில் கொண்டுபோவோம். கூர்மையாகச் சீவிய பென்சில்கள் நான்கைந்து சட்டைப்பையில் இருக்கும், ஏனென்றால் மழுங்கிய முனைக்கு லைட்டே கிடையாது. பக்கத்து அறையில் ரெமிங்டனும் ஹால்டாவும் கோத்ரெஜும் ஏ எஸ் டி எஃப் என்று தடதடக்க, அதற்கு நடுவே டிக்டேஷன் காதில் விழ வேண்டும். லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 80 சொல், ஹையருக்கு 120.

எங்கள் பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆனாலும் வேலைக்குப் போகிற ரயில் எல்லோருக்கும் பொதுதான். 1904-ல் கொல்லத்துக்கும் 1927-ல் விருதுநகருக்கும் பாதை திறந்தபின், இங்கே லோயரும் ஹையரும் பாஸ் பண்ணியவர்கள் மெட்ராஸ், பம்பாய், டெல்லி என்று போனார்கள். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் தமிழ்ச் சத்தம் கேட்டதில் ஸ்டெனோக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்னார்ட் ஷா தன் நாடகங்களை முதலில் எழுதியதும் இதே பிட்மனில்தான் என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்வார். பண்பொழியில் வயலையும் தென்னந்தோப்பையும் மட்டும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று இன்று சொல்லிப் புரியவைப்பது கடினம்.

அமெரிக்காவில் பரவிய கிரெக் முறையில் தடிமன் கிடையாது; கோட்டின் நீளம்தான் ஒலியைப் பிரிக்கும். அது எழுதச் சுலபம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் தமிழ் வாய்க்கு பிட்மன் செய்த உபகாரத்தை அது செய்திருக்காது என்பது என் கட்சி. அழுத்தம் கைக்குத் தெரியும்போது ஒலியும் உடம்பில் ஏறிவிடுகிறது.

கோத்ரெஜ் 2009-ல் டைப்ரைட்டர் தயாரிப்பதை நிறுத்தியது. சுருக்கெழுத்துத் தேர்வை அரசுத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது; ஸ்டெனோ-டைப்பிஸ்ட் வேலைக்கு தேர்வாணையமும் ஆள் எடுக்கிறது. அழியப்போவது அந்தப் பழைய நோட்டுகள். பரணிலிருந்து இறங்கி நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எங்கள் தலைமுறைக்கு டிக்டேஷன் கொடுத்த மாஸ்டர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. குற்றாலம் பராசக்தி கல்லூரி போன்ற இடங்களின் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து, கிடைக்கிற நோட்டுகளைச் சேர்த்து, சிவப்பு மை விழுந்த சொற்களைத் தொகுத்து, அந்த மாஸ்டர்களின் குரலையும் பதிவு செய்து வைக்க வேண்டும். என்னிடம் இருக்கிற நோட்டுகளைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.