சாலைகளும் உயிர்களும்

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிர் துறந்தோர் தொகை 1,68,491 என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 461 பேர்; மணிக்குப் பத்தொன்பது பேர். அவர்களில் மூவரில் இருவர் 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினர். இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. 2021-இல் உலகெங்கும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 92 பேர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் இறந்தவர்கள். உலகிலுள்ள வண்டிகளிலோ நூற்றுக்கு அறுபது மட்டுமே இந்நாடுகளில் ஓடுகின்றன.

இவ்வாறு இருப்பதற்குக் காரணம் யாது? தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் நெடுந்தூரம் கடந்து ஊர் சென்று திரும்பும் நமக்கு இஃது ஏட்டளவில் எழும் வினா அன்று. இதற்குப் பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. 'நம் மக்களுக்கு ஒழுங்கு போதாது' என்பது ஒன்று. 'எல்லாம் விதி' என்பது மற்றொன்று. இரண்டும் நம்மைச் சிந்திக்கும் தொல்லையிலிருந்து விடுவிக்கின்றன. ஆனால் வரலாறு இவ்விரண்டையும் ஏற்கவில்லை.

முதலில் நம் பழைய சாலைகளை நினைத்துப் பார்ப்போம். கல்வெட்டுகள் பெருவழி என்று குறிப்பிடும் தமிழ்நாட்டுச் சாலைகளாயினும் சரி, பதினாறாம் நூற்றாண்டில் ஷேர்ஷா சூர் செப்பனிட்டுச் சத்திரங்களும் நிழல் மரங்களும் அமைத்த வடநாட்டுச் சாலையாயினும் சரி, அவை யாவும் காலால் நடக்கும் வேகத்துக்காக ஏற்பட்டவை. மாட்டு வண்டியும் குதிரையும் பொதி சுமப்போரும் அவற்றில் ஒன்றாகவே சென்றனர். சாலையோரத்தில் சந்தை கூடியது. சந்தையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. வீட்டு வாசலும் பள்ளி வாசலும் சாலையை நோக்கியே திறந்தன. அந்த வேகத்தில் இதனால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. இந்த அமைப்புக்கு நடுவேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது.

ஆங்கில அரசினர் 1914-இல் இந்திய மோட்டார் வண்டிச் சட்டத்தை இயற்றினர். 1927-இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. அதன் பயனாக மத்திய சாலை நிதியும், 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரசும் தோன்றின. 1939-இல் விரிவான புதிய சட்டம் ஒன்று வந்தது. 1943-இல் தலைமைப் பொறியாளர்கள் நாக்பூரில் கூடி இருபதாண்டுச் சாலைத் திட்டம் வகுத்தனர். இவை பாராட்டத்தக்க பணிகளே. ஆயினும் எத்தனை மைல் சாலை வேண்டும், எவ்வளவு சரக்கு செல்ல வேண்டும், இரயிலுக்கும் லாரிக்கும் இடையே போட்டியை எவ்வாறு வரையறுப்பது என்பனவே அக்காலத்துப் பெருங்கவலைகள். சாலையைக் கடக்கும் பாதசாரியைப் பற்றிய கவலை பின்னுக்கு நின்றது. 1951-இல் நாடு முழுவதிலும் இருந்த மோட்டார் வண்டிகள் சுமார் மூன்று இலட்சம்தான். ஆதலால் அக்குறை பெரிதாகத் தெரியவில்லை.

மேலை நாடுகளில் மட்டும் தொடக்கம் நன்றாக இருந்ததோ எனில், இல்லை. 1896-இல் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். இன்றைய கண்ணுக்கு ஊர்ந்து செல்வது போன்று தோன்றும் வண்டி அது. 1934-ஆம் ஆண்டிலோ பிரிட்டனில் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அதன் பின்னரே, 1935-இல், புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமாயிற்று. ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வேக வரம்பும் விதிக்கப்பட்டது. அங்கு வண்டிகள் பன்மடங்கு பெருகிவிட்டன. எனினும் 2022-இல் இறந்தவர்கள் 1,711 பேர் மட்டுமே. செல்வமும் ஒழுங்கும் உள்ளதாக நாம் கருதும் அந்நாடு பல ஆயிரம் உயிர்களை ஆண்டுதோறும் பலி கொடுத்துத்தான் பாடம் கற்றது.

ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் ஸ்மீட் என்பவர் 1949-இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு நாட்டில் மக்கள்தொகையோடு ஒப்பிட வண்டிகள் மிகும்போது, வண்டி ஒன்றுக்கு நேரும் மரணங்கள் குறைகின்றன என்பது அது. நம் நாட்டுக்கும் இக்கணக்கு பொருந்துகிறது. 1970-இல் பதினான்கு இலட்சம் வண்டிகளுக்குச் சுமார் 14,500 மரணங்கள். அதாவது, பதினாயிரம் வண்டிகளுக்கு நூறுக்கும் மேல். இன்று அவ்விகிதம் ஐந்தளவில் நிற்கிறது. ஆயின் வண்டிகள் 2020-இல் 32 கோடியைத் தாண்டிவிட்டமையால், மொத்த மரணங்கள் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டன. மகனை இழந்த தாய்க்கு விகிதம் குறைந்தது என்ற கணக்கு ஆறுதல் தராது. செல்வம் வளரும் வரை காத்திருந்தால் தானாகவே எல்லாம் சரியாகும் என்று இருப்பது பெரும் பிழை.

வளரும் நாடுகளின் நிலையைத் தனித்தன்மை உடையதாக்கியவை இரண்டு. முதலாவது, வண்டிகளின் வகை. 1951-இல் நம் மோட்டார் வண்டிகளில் இருசக்கர வண்டிகள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இன்றோ நான்கில் மூன்று அவையே. எளிய குடும்பம் முதன்முதலாக வாங்கும் வண்டி ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோதான். அதில் செல்பவருக்கு இரும்புக் கூண்டு இல்லை. அவர் உடலே கூண்டு. 2022-இல் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருப்போர் இறப்பது செல்வ நாடுகளின் சிக்கல் என்றால், காருக்கு வெளியே இருப்போர் இறப்பது நம் சிக்கல்.

இரண்டாவது, வேகம் வந்த விரைவு. மேலை நாடுகளில் அரை நூற்றாண்டுக் காலத்தில் மெல்ல ஏறிய வேகம், நம்மிடம் ஒரு தலைமுறைக்குள் வந்துவிட்டது. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலை 5,846 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பணி 2001-இல் தொடங்கிப் பெரும்பாலும் 2012-க்குள் முடிந்தது. நாட்டின் வாணிகத்துக்கு அது செய்த நன்மை பெரிது. ஆயினும் பல இடங்களில் பழைய பெருவழியே அகன்றது. சாலையின் ஒரு புறம் ஊரும் மறுபுறம் வயலும் கிணறும் பள்ளியும் இருந்த இடத்தில், நடுவே நான்கு தடங்கள் தோன்றின. ஊரார் கடந்து செல்வதற்கு மேம்பாலமோ சுரங்கப் பாதையோ எல்லா இடத்திலும் உடன் வரவில்லை. நம் சாலைகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. சாலை மரணங்களிலோ நூற்றுக்கு 36 பங்கு அவற்றில் நேருகின்றன.

வேகத்தின் கணக்கு எளியது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது நான்கு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். முப்பதில் பிழைக்கக்கூடியவர் அறுபதில் பிழைப்பது அரிது. ஒழுங்கு மிக்கவனும் ஒரு நொடி தவறக்கூடும். அத்தவற்றுக்கு மரணத்தைத் தண்டனையாக்குவது சாலையின் அமைப்பே.

இந்நெடுஞ்சாலைகளில் நம்மவர் பலரின் வாழ்வு கழிகிறது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரிகளை நாம் நாட்டின் எக்கோடியிலும் காண்கிறோம். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்பதை 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொது அளவாக வகுத்தது. ஆனால் நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர், சரக்கு உரிய நாளில் சேர வேண்டும் என்ற நெருக்கடியில், உறக்கத்தை விற்றே வண்டி ஓட்டுகிறார். விடியற்காலையில் அவர் கண்ணயர்ந்தால் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதப்படுகிறது. அவரை உறங்கவிடாத ஏற்பாட்டின் பெயர் அந்த ஏட்டில் இடம்பெறுவதில்லை.

காப்பு ஏற்பாடுகள் எவ்வளவு பிந்தி வந்தன என்பதையும் காண வேண்டும். அமெரிக்கா வண்டிகளின் பாதுகாப்புக்கு 1966-இல் சட்டம் செய்தது. நம் நாட்டில் புதிய மாதிரிக் கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில். தலைக்கவசத்தை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தும், 2022-இல் அதனை அணியாமல் மாண்டவர் தொகை ஐம்பதாயிரத்தை எட்டியது.

அடிபட்டவருக்கு உதவி கிடைப்பதிலும் இதே கதைதான். ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதிக் காயமுற்றார். அவரை ஏற்க ஒரு மருத்துவமனை மறுத்து, இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொன்றுக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்நிகழ்ச்சியை ஒட்டி எழுந்த வழக்கில், காவல்துறை நடைமுறைக்குக் காத்திராமல் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்று 1989-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 108 ஆம்புலன்ஸ் சேவை அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 2005-இல் தொடங்கி, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. மோட்டார் வண்டி வந்து நூறாண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பதை மறக்கலாகாது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைச் சாட்சி என்றும் குற்றவாளி என்றும் அலைக்கழிக்கக்கூடாது என்ற நெறிகளுக்கு 2016-இல் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சட்டத்திலேயே சேர்த்தது. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. 2025-இல் மத்திய அரசு, விபத்துக்குள்ளானோர் ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்ச ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. இவற்றை நாம் எங்கு வாழினும் அறிந்து வைத்திருத்தல் நன்று.

இந்நிலையை மாற்ற இயலுமா? ஜப்பானின் வரலாறு இயலும் என்கிறது. போருக்குப் பின் அங்கும் வண்டிகள் வெள்ளம் போல் பெருகின. 1970-இல் 16,765 பேர் சாலைகளில் மாண்டனர். ஜப்பானியர் அதனைப் 'போக்குவரத்துப் போர்' என்றே அழைத்தனர். அவ்வாண்டே பாதுகாப்புக்கு அடிப்படைச் சட்டம் ஒன்று இயற்றி, ஐந்தாண்டுத் திட்டங்கள் வகுத்தனர். நடைபாதைகளும் சைகை விளக்குகளும் அமைத்தனர். 1979-இல் மரணங்கள் 8,466 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் வண்டிகளோ பெருகிக்கொண்டே இருந்தன. 2022-இல் இறந்தவர்கள் 2,610 பேர். ஒன்பதே ஆண்டுகளில் ஓர் இனத்தின் குணம் மாறிவிடவில்லை. சாலையும் சட்டமும் மாறின. அவற்றோடு மக்களின் பழக்கமும் மாறியது.

ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுதான். வளரும் நாடுகளில் வேகம் முந்தி வந்தது. நடைபாதையும் தலைக்கவசமும் ஆம்புலன்சும் ஓட்டுநரின் ஓய்வும் பிந்தி நின்றன. அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. பிந்தியவற்றை முன்னே கொணர்வது அரசினரின் கடமை. அதனைக் கேட்பது குடிமக்களாகிய நம் உரிமை. புதிய சாலை போடப்படும்போது, நம் பிள்ளைகள் அதனை எங்கே கடப்பார்கள் என்று ஊராட்சியிலும் நகராட்சியிலும் கேட்போம். பின் இருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் வாங்குவோம். அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால், மொழி தெரியாத ஊராயினும், அஞ்சாமல் 108-ஐ அழைப்போம். தமிழில் விதி என்பது ஊழையும் குறிக்கும், சட்டத்தையும் குறிக்கும். ஊழ் என்று நாம் எண்ணியிருந்த மரணங்களில் மிகப் பல, சட்டமும் சாலையும் செம்மையாக இருந்தால் தடுக்கத்தக்கவை.