சட்டம் தந்ததும் மாநிலம் நிறுத்தியதும்



ஒன்றிய – மாநில உறவு என்றவுடன் அதிகாரம் டெல்லிக்கா சென்னைக்கா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு அரசுகளுக்கும் நடுவே ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சேர வேண்டிய பணம் எங்கே தங்கிவிடுகிறது என்ற கேள்வியை யாரும் நமக்காகக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரிலுள்ள கறுப்பினத்தவரின் அரசுப் பல்கலைக்கழகம் ஒரு பாடம்.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு இருந்த ஒவ்வொரு உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் அந்த மாநிலத்துக்கு நிலம் தந்தது. அந்த நிலத்தை விற்ற பணத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. அது பூர்வகுடிகளிடம் பறித்த நிலம். பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெற்கு மாநிலங்களில் அந்தக் கல்லூரிகளின் கதவு கறுப்பருக்குத் திறக்கவில்லை.

1890-இல் இரண்டாம் மோரில் சட்டம் வந்தது. சேர்க்கையில் நிறம் பார்த்தால் நிதி கிடையாது என்றது. அடுத்த வரியிலேயே, கறுப்பருக்குத் தனிக் கல்லூரி வைத்து நிதியை நியாயமாகப் பிரித்தால் போதும் என்றும் சொன்னது. எது நியாயம் என்று அளக்கும் படி மாநிலத்தின் கையில் இருந்தது. டென்னசி அரசு கறுப்பருக்கென்று சொந்தமாக ஒரு கல்லூரியைத் திறந்தது 1912-இல்தான். 1914-இல் உழவர்களிடம் ஆராய்ச்சியைக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணிக்குக் கூட்டாட்சி அரசு நிதி ஒதுக்கியது. அதை எந்தக் கல்லூரி பெறுவது என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கலாம் என்றது. தெற்கின் சட்டமன்றங்கள் வெள்ளையர் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தன.

இந்தக் கதைக்கு நம் மண்ணிலும் ஒரு கிளை உண்டு. 1950-களில் தொடங்கிய அமெரிக்க உதவித் திட்டத்தில் தென்னிந்திய வேளாண் கல்விக்குத் துணைநின்றது நாக்ஸ்வில்லின் டென்னசி பல்கலைக்கழகம். தன் இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவரை அது சேர்த்தது 1961-இல்.

1968-இல் அந்தப் பல்கலைக்கழகம் நாஷ்வில்லில் தன் கிளையை விரிக்க முனைந்தது. கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ரீட்டா சாண்டர்ஸ் வழக்குத் தொடுத்தார். ஒரே ஊரில் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் இருந்தால் இனப்பிரிவினை நீடிக்கும் என்பது அவர் வாதம். நீதிமன்ற உத்தரவின்படி 1979-இல் வெள்ளையர் கிளை கறுப்பினப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. கட்டடம் வந்தது, பாக்கிப் பணம் வரவில்லை.

பாக்கி எப்படிச் சேர்ந்தது? நிலக்கொடைக் கல்லூரிக்குக் கூட்டாட்சி அரசு ஒரு டாலர் தந்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும். கறுப்பினக் கல்லூரிகளுக்கு மட்டும், மாநிலம் முழுப் பங்கைப் போடாவிட்டால் பாதிவரை விலக்குக் கேட்கலாம் என்ற சலுகை இருந்தது. சலுகையால் தப்பியது மாநிலம், நட்டப்பட்டது கல்லூரி. 2021-இல் டென்னசி சட்டமன்றக் குழுவே கணக்குப் பார்த்து, 1957 முதல் 2007 வரை தரவேண்டியது 15 கோடி முதல் 54.4 கோடி டாலர் வரை என்றது. மறு ஆண்டு 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் கூட்டாட்சி அரசின் கல்வி, வேளாண் அமைச்சர்கள் 16 ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987-லிருந்து இந்த மாநிலங்கள் கறுப்பினக் கல்லூரிகளுக்குக் குறைத்துக் கொடுத்தது 1,200 கோடி டாலருக்கும் மேல். அதில் டென்னசியின் பங்கு மட்டும் சுமார் 210 கோடி. ஆனால் கடிதம் சட்டமல்ல. 2024 மார்ச்சில், தணிக்கைக் குறைகளைக் காரணம் காட்டி, டென்னசி சட்டமன்றம் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவையே கலைத்தது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனிடம் கணக்குக் கேட்டான்.

நம் கணக்கும் இதே ஏட்டில்தான் இருக்கிறது. வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த அண்ணல் அம்பேத்கரின் வற்புறுத்தலால் 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை வந்தது. பின்னாளில் அதன் சுமையை மாநிலங்கள் மீது ஏற்றிய சூத்திரத்தால், சில மாநிலங்களில் ஒன்றிய அரசின் பங்கு பத்து விழுக்காட்டளவுக்குச் சுருங்கியது. போராட்டங்களுக்குப் பிறகு 2020 டிசம்பரில் பங்கு 60:40 என மாற்றப்பட்டது. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டும் காலத்தில் கட்டணம் கேட்டுக் கல்லூரி வாசலில் நிறுத்தப்படுவது நம் பிள்ளைதான்.

மாநில உரிமை நமக்கு வேண்டும். அந்த உரிமை சேரிக்குள் நுழையும்போது என்னவாகிறது என்று கேட்கும் உரிமையும் வேண்டும். நாஷ்வில்லில் அறுபது ஆண்டு மறைந்துகிடந்த கடனை வெளியே கொண்டுவந்தது வரவு செலவு ஏடு. மாணவர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த ஏட்டைக் கேளுங்கள். ஒதுக்கியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வையுங்கள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற மூன்றுக்கும் அந்த ஏடு உதவும்.

ஜெய் பீம்.