வில்லன் பேசிய வசனம் எப்படித் தீர்க்கதரிசனம் ஆனது?

இன்னைக்கு எபிசோடு ஒரு பழைய வீடியோ கேமைப் பத்தி. கேம் விளையாடாதவங்களும் தாராளமா கேட்கலாம். ஏன்னா நான் பேசப்போறது சுடுறது, ஒளியறது பத்தி இல்லை. ஒரே கதையை ரசிகர்கள் 20 வருஷத்துக்கும் மேலா எப்படியெல்லாம் படிச்சாங்க, ஒவ்வொரு காலத்திலும் அதுக்குள்ள எந்த அரசியலைக் கண்டுபிடிச்சாங்க என்பதுதான் விஷயம்.

கேமின் பெயர் 'மெட்டல் கியர் சாலிட் 2: சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி'. ஜப்பானின் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்டது. இயக்கியவர் ஹிடியோ கோஜிமா. வெளிவந்தது 2001 நவம்பர்.

இந்த கேமை விளையாடாதவங்ககூட இதிலிருந்து ஒரு துண்டைப் பார்த்திருக்க வாய்ப்பு இருக்கு. கதையின் முடிவில் ஹீரோவுக்கு ரேடியோவில் ஒரு நீண்ட அழைப்பு வரும். பேசுவது மனிதர்கள் இல்லை, ஒரு செயற்கை அறிவு. டிஜிட்டல் உலகத்தில் எதுவும் அழிவதில்லை, குப்பைத் தகவல் மலை மாதிரி குவியுது, ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிச்ச உண்மையோடு தன்னோட சின்னக் குளத்துக்குள்ள ஒதுங்கிக்கிறாங்க, அங்கே யாரும் தப்பும் இல்லை, யாரும் சரியும் இல்லை. சுருக்கமா இதுதான் அந்தப் பேச்சு. 2016-க்குப் பிறகு, பொய்ச்செய்தி பத்தி உலகமே பேச ஆரம்பிச்சதும், இந்தத் துண்டு மறுபடி மறுபடி சுத்தி வந்தது. "2001-லேயே சொல்லிட்டாரு பாருங்க, கோஜிமா ஒரு தீர்க்கதரிசி" என்ற தலைப்போட.

எனக்கு அந்தத் தலைப்பில் ஒரு சிக்கல் இருக்கு. அந்த வசனத்தைப் பேசுறது வில்லன். அதுவும் தணிக்கைக்கு நியாயம் கற்பிக்கிற வில்லன். அவன் வாதத்தை எடுத்து நாம எப்படி ஞானம்னு பகிர ஆரம்பிச்சோம்? இதுக்குப் பதில் தேடணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதலில் கதை. முந்தைய பாகம் 1998-இல் வந்தது. அதன் ஹீரோ சாலிட் ஸ்னேக். 2000 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஈ3 கண்காட்சியில் இரண்டாம் பாகத்தின் டிரெய்லர் வந்தது. மழையில் நனைந்த கப்பல், அதில் ஸ்னேக். உலகமே வாயைப் பிளந்தது. 2001-இல் வந்த 'ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ்' என்ற கேமோடு ஒரு டெமோவும் கொடுத்தார்கள். அதிலும் ஸ்னேக்தான். நவம்பரில் கேமை வாங்கிப் போட்டால், கப்பல் அத்தியாயம் முடிந்ததும் ஸ்னேக் காணாமல் போகிறார். அதற்குப் பிறகு முழுக்க ரெய்டன் என்ற புதுமுகம். இளைஞன், அனுபவமில்லாதவன், நடுநடுவே ரேடியோவில் காதலியோடு சண்டை வேறு.

ரசிகர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டிரெய்லரில், ரெய்டன் இருக்க வேண்டிய காட்சியில்கூட ஸ்னேக்கை வைத்துக் காட்டியிருந்தார்கள். படத்தின் போஸ்டரில் சூப்பர் ஸ்டார், தியேட்டருக்குள் அறிமுக நடிகர் என்றால் நாம் எப்படிக் கத்துவோமோ, அப்படி.

ஆனா கதையை முழுசா முடிச்சவங்களுக்கு வேற ஒரு விஷயம் புரிய ஆரம்பிச்சது. மன்ஹாட்டனுக்குப் பக்கத்துக் கடலில், எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யக் கட்டியதாகச் சொல்லப்படும் ஒரு நிலையம். அதைப் பயங்கரவாதிகள் பிடித்து அமெரிக்க அதிபரைப் பிணையாக வைத்திருக்கிறார்கள். ரெய்டன் மீட்கப் போகிறான். போகப் போகத்தான் தெரிகிறது, எண்ணெய்க் கசிவே பொய். நிலையத்துக்கு அடியில் 'ஆர்சனல் கியர்' என்ற ராட்சத இயந்திரம் இருக்கிறது. உலகின் டிஜிட்டல் தகவலை வடிகட்டும் 'ஜி.டபிள்யூ' என்ற கணினி அதற்குள். ஜி.டபிள்யூ என்றால் ஜார்ஜ் வாஷிங்டன். நாட்டை உண்மையில் ஆள்வது 'பேட்ரியட்ஸ்', அதாவது தேசபக்தர்கள் என்ற மறைமுகக் குழு. அதிபர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ரெய்டனின் மொத்தப் பயணமும் முதல் பாகத்தின் கதையை அப்படியே மறுபடி நடத்திப் பார்க்கும் ஒரு பரிசோதனை. ரெய்டனுக்குக் கட்டளை கொடுத்த கர்னல் மனிதரே இல்லை.

அப்போ டிரெய்லர் பொய்க்கு என்ன அர்த்தம்? ரசிகர்கள் கண்டுபிடித்த முதல் அரசியல் வாசிப்பு இதுதான்: பேட்ரியட்ஸ் ரெய்டனுக்குச் செய்ததை கோஜிமா நமக்குச் செய்தார். தகவலைக் கட்டுப்படுத்தி, நாம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தார். ரெய்டன் அத்தியாயத்தின் ஆரம்பத்தில் ஒரு கணினியில் உங்க பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கும். கடைசியில் ரெய்டன் கழுத்தில் கிடக்கும் அடையாளத் தகட்டில் இருப்பது உங்க பெயர். அதைக் கழற்றித் தூக்கி எறிகிறான். "நீ ஆட்டி வைத்த பொம்மை இனி நான் இல்லை" என்று நம்மைப் பார்த்தே சொல்கிற மாதிரி.

இன்னொரு வாசிப்பும் பரவியது. எல்லாமே கணினி உருவாக்கிய மாய உலகம், எதுவும் நடக்கவே இல்லை என்பது. ரெய்டன் மாய உலகப் பயிற்சியில் வளர்ந்தவன், கர்னல் ஒரு கட்டத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி "கேமை அணைத்துவிடு" என்கிறார், பொய்யாக ஒரு 'கேம் ஓவர்' திரைகூட வருகிறது. ஆதாரம் ஏராளம். இந்த வாசிப்பு சுவாரசியமானது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. எல்லாமே கனவு என்றால் அதில் அரசியலே இல்லை. யாரும் யாருக்கும் பொறுப்பில்லை.

தவிர, மர்மம் போலத் தெரியும் சில விஷயங்களுக்குக் காரணம் கதைக்கு வெளியே இருக்கு. முடிவில் ஆர்சனல் கியர் மன்ஹாட்டன் மீது மோதுகிறது. ஆனால் மோதும் காட்சி இல்லை, சட்டென்று ரெய்டன் ஒரு கட்டடத்தின் கூரையில் இருக்கிறான். 'கனவு மாதிரி' வெட்டு. காரணம் வேறு. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது கேம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. நியூயார்க் நகரம் இடிபடும் காட்சியை வெளியிட முடியாது என்று எடுத்துவிட்டார்கள். அதே போல, அமெரிக்காவின் 'பேட்ரியட்' கண்காணிப்புச் சட்டம் கையெழுத்தானது 2001 அக்டோபர் 26. கேம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது நவம்பர் நடுவில். மூன்று வார இடைவெளியில் இரண்டு 'பேட்ரியட்'! ஆனால் கதை அதற்கு முன்பே எழுதி, குரல் பதிவு செய்து முடிந்த ஒன்று. இது தற்செயல். தற்செயலையெல்லாம் சாட்சியாக மாற்றினால், கேம் எச்சரிக்கிற அதே குளத்துக்குள் நாமும் விழுந்துவிடுவோம்.

சரி, தீர்க்கதரிசனம் இல்லைன்னா வேற என்ன? அந்தக் காலத்து நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்க. 1999 பிப்ரவரியில் ஜப்பானில் ஐ-மோட் சேவை வந்து, ஃபோனில் இணையம் சாதாரணமாகத் தொடங்கிவிட்டது. அதே வருடம் நாப்ஸ்டர். 2000 ஜூன் மாதம் மனித மரபணு வரைபடத்தின் முதல் வரைவை அறிவித்தார்கள். ரேடியோவில் அந்தச் செயற்கை அறிவு பேச்சைத் தொடங்குவதே மரபணு வரைபடத்திலிருந்துதான். 2000 டிசம்பரில், ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் நின்ற அமெரிக்க அதிபர் தேர்தலை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முடித்துவைத்தது. 2001 ஜூலையில், 'எஷலான்' என்ற உளவு வலையமைப்பு உலகத் தகவல் தொடர்புகளை ஒட்டுக்கேட்பது பற்றி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அறிக்கை வந்தது. இந்தக் கேள்விகள் எல்லாம் காற்றில் இருந்தன. அந்தக் காலத்தை அதே காலத்தில் வைத்துக் கூர்மையாகப் பார்த்த கேம் இது. எனக்கு அது தீர்க்கதரிசனத்தைவிடப் பெரிய விஷயம்.

இப்போ அந்தப் பேச்சுக்கே வருவோம். அதை நாலு படியா பிரிக்கலாம். ஒண்ணு, மரபணு நம் நினைவையும் பண்பாட்டையும் கடத்தாது. ரெண்டு, டிஜிட்டல் உலகம் எல்லாவற்றையும், அற்பமானதையும் சேர்த்து, பாதுகாத்து வைக்கிறது. மூணு, அதனால் ஒவ்வொருவரும் தன் வசதியான உண்மைக்குள் ஒதுங்குகிறார்கள். நாலு, ஆகவே எது மிஞ்ச வேண்டும், எது அழிய வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்கிறோம். வெறும் தணிக்கைகூட இல்லை, எந்தச் சூழலில் எதற்கு என்ன அர்த்தம் என்பதையே நாங்கள் உருவாக்குவோம் என்கிறது அந்தக் குரல்.

மூணாவது படியோட நிறுத்தினா, நம்ம ஃபோனைப் பத்தி யாரோ துல்லியமா சொன்ன மாதிரி இருக்கும். நாலாவதைச் சேர்த்தா, நோயைச் சரியாகச் சொல்லி விஷத்தை மருந்தாக நீட்டும் ஒருவன் தெரிவான். கோஜிமாவின் திறமை இதுதான்: வில்லனுக்கு நியாயமான வாதத்தைக் கொடுத்தார். "ஆமா, குப்பை ரொம்ப அதிகமாயிடுச்சு, யாராவது வடிகட்டினா நல்லது" என்று நாம் தலையாட்டுகிற நொடியில், ரெய்டனின் இடத்தில் நாம் நிற்கிறோம். யார் வடிகட்டுவது, அவரை யார் கேள்வி கேட்பது என்பதை நாம் கேட்கவே இல்லை.

அந்த உரையாடல் நடக்கும் இடத்தை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அது நியூயார்க்கின் ஃபெடரல் ஹால் கூரை. கேமின் கதை முடியும் தேதி ஏப்ரல் 30. 1789 ஏப்ரல் 30 அன்று, முதல் அதிபராக ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றது அந்த இடத்தில்தான். அதே ஆண்டு செப்டம்பரில், பேச்சுரிமை உட்பட்ட அடிப்படை உரிமைகளுக்கான திருத்தங்களை அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றியதும் அங்கேதான். பேச்சுரிமை பிறந்த இடத்தின் தலைமேல் நின்று, "உங்களுக்குப் பேச்சுரிமையைப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்கிற தொனியில் ஒரு இயந்திரம் பாடம் எடுக்கிறது. இன்னொரு கூத்து: இப்போ நிற்கும் கட்டடம் 1789-இல் இருந்ததே இல்லை. பழையதை 1812-இல் இடித்துவிட்டார்கள். இப்போதுள்ளது 1842-இல் சுங்க அலுவலகமாகத் திறந்தது. நகல்களைப் பற்றிய ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பிறகு 2008-இல் நான்காம் பாகம் வந்தது. பேட்ரியட்ஸ் யார் என்பதற்கு முழு விளக்கம் கொடுத்தது. இன்னார் தொடங்கினார், இன்னாரோடு சண்டை, அவர் விட்டுச்சென்ற ஐந்து கணினிகள். மாய உலக வாசிப்பு அதோடு படுத்துவிட்டது. ஆனா என்னைக் கேட்டால், நஷ்டமும் அங்கேதான். 2001-இல் பேட்ரியட்ஸுக்கு முகமே இல்லை. கடைசி நிமிடத்தில் அவர்களின் 12 பேர் பட்டியல் கிடைக்கிறது. எல்லோரும் சுமார் நூறு வருடம் முன்பே இறந்தவர்கள். வெள்ளை மாளிகையில் 200 வருடமாகப் படிந்து படிந்து உருவானவர்கள் நாங்கள் என்கிறது ரேடியோக் குரல். ஆளே இல்லாமல் ஓடும் அதிகாரம், யாரையும் கைது செய்து முடித்துவைக்க முடியாத அதிகாரம். அதைப் பின்னாளில் ஒரு குடும்பச் சண்டையாகச் சுருக்கியது, அரசியலை வதந்தியாக மாற்றுவது போல எனக்குத் தோன்றியது.

கடைசியா, அந்த வில்லனுக்கு கேம் கொடுக்கும் பதில் என்ன? ஸ்னேக் ரெய்டனிடம் சொல்வதன் சாரம் இது: வார்த்தைகளைக் கட்டிக்கொண்டு அழாதே, அவற்றின் பின்னால் உள்ள அர்த்தத்தைத் தேடு, நீயே முடிவெடு, நீ நம்புவதை அடுத்தவருக்குக் கடத்து. "இதுவும் அவரவர் உண்மைதானே, அதே குளம்தானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்னேக்கின் பதில் பலவீனமானதுதான். வில்லனின் வாதம் அளவுக்கு அது கச்சிதமாக இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. குளத்துக்குள் இருப்பவருக்கு அர்த்தத்தைத் தேடும் வேலை இல்லை, அது தயாராகக் கையில் வருகிறது. ஸ்னேக் கேட்பது அந்த வேலையைச் செய்யச் சொல்லி. செய்தபின் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், இன்னொருவர் மறுக்கக்கூடிய விதத்தில் வெளியே வைக்கச் சொல்லி.

அதனால அடுத்த முறை அந்தத் துண்டு உங்க ஃபோனுக்கு வந்தா, அனுப்பினவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "இதைப் பேசுறது யாரு, கடைசியா அவங்க என்ன வேணும்னு கேக்கிறாங்க?" வேற எந்தப் பேச்சுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். என் வாசிப்பை ஒத்துக்காதவங்க, முக்கியமா மாய உலகக் கட்சிக்காரங்க, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.