நாஞ்சில் நாட்டுத் தலைவாசல்

புதுவீடு கட்ட முனைவோர் எவரும் ஒருநாள் தச்சரிடம் கேட்டே தீர வேண்டிய கேள்வி, "தலைவாசலுக்கு எந்தக் கதவு போடலாம்?" என்பதாகும். தச்சர் படங்களைக் காட்டுவார். மரக்கடைக்காரர் விலையைச் சொல்வார். படமும் விலையும் மட்டுமே இதற்கு விடையாகிவிடுமா? நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகள் இக்கேள்விக்குத் தரும் விடையை ஈண்டு சற்றே நோக்குவோம்.

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, மார்த்தாண்ட வர்மா (1729–1758) காலத்தில் விரிவு பெற்ற மாளிகை அது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. அதன் வெளிவாயிலான படிப்புரையைக் கடந்தால் முற்றம்; முற்றத்திற்கு அப்பால் மரச்செதுக்கல்கள் நிறைந்த பூமுகம். வருபவரின் பார்வை நேரே உள்ளறையில் விழாதபடி, அவரைப் படிப்படியாக நிறுத்தி வரவேற்கும் அமைப்பு அது. வசதி படைத்தோரின் இல்லங்களும் இம்முறையையே சிறிய அளவில் பின்பற்றின.

கதவைச் செய்த முறையிலும் நுட்பம் உண்டு. இம்மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். அகன்ற ஒற்றைக் கதவைவிட ஒடுங்கிய இரட்டைக் கதவு தொய்வது குறைவு. சட்டத்தினுள் பலகையை இறுகப் பிணைக்காமல் பொருத்தினால், அது ஊதிச் சுருங்க இடம் கிடைக்கும். இரும்புக் கீல் இல்லாமல், மேலும் கீழும் குடுமி வைத்துச் சுழலவிட்ட பழங்கதவுகள் பல. தேக்கு வாங்க இயலாதோர்க்கு ஊரிலேயே வளர்ந்த பலாவும் அயனியும் கைகொடுத்தன. தேங்காய்ப்பட்டணம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். அங்கே பித்தளைக் குமிழும் தாழ்ப்பாளும் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. இவை எல்லாவற்றையும் காத்தது கதவின் மேல் தாழ இறங்கிய கூரைதான்.

வாசலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. பழைய திருவிதாங்கூரில் கையில் பொருள் இருந்தாலும் எல்லோரும் விரும்பியபடி வீடு கட்டிவிட முடியாது. தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகத்தினர் மாடி எழுப்பலாகாது என்ற தடை இருந்தது. ஓட்டுக்கூரை எல்லோருக்கும் உரியதானது ராணி கௌரி பார்வதி பாய் (1815–1829) ஆட்சிக் காலத்திலேதான். வீட்டின் முகப்பு, குடியிருப்பவரின் தகுதியை ஊருக்கு அறிவிக்கும் பலகையாக இருந்த காலம் அது! ஆகவே, உரிமை கிடைத்த பின் தம் வாசலை உயர்த்திக் கட்டியவர்களை ஆடம்பரக்காரர் என்று நாம் எளிதில் பழித்துவிடலாகாது.

ஆனால், அத்தகைய தடை ஏதுமற்ற நம் காலத்தில், வாசலை எதற்காக அமைக்கிறோம்? அனுமதி கேட்டு, ஸலாம் உரைக்காமல் பிறர் இல்லத்துள் நுழையாதீர்கள் என்றும், திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள் என்றும் திருமறையின் 'அந்நூர்' அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரெதிரே நில்லாமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்றே ஸலாம் உரைப்பார்கள் என்பது ஹதீஸ். அந்நாளில் வாசல்களுக்குத் திரை இருக்கவில்லை. அப்படி ஒதுங்கி நிற்பதற்கு ஓரிடம் வேண்டாமா? அந்த இடத்தைத்தான் நம் முன்னோர் திண்ணையாக அமைத்தார்கள். காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடுவதற்கென்றே தனி முடுக்குகள் அமைந்ததும் இதே கருத்தினால்தான்.

இன்று காண்பது என்ன? தெருவை ஒட்டியே சுவர். அதில் செதுக்கல் மிகுந்த பெருங்கதவு. திறந்தால் அடுக்களை வரை கண் செல்கிறது. பழைய நிலையும் கதவும் பழம்பொருள் வியாபாரியின் வண்டியில் ஏறுகின்றன. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் (1944–2019), 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' நாவலில், பழம்பெருமையிலேயே வாழ்ந்து நலிந்த குடும்பம் ஒன்றைக் காட்டினார். முகப்பின் பெருமை வீட்டைக் காக்காது என்பதற்கு அக்கதை ஒன்றே போதும்.

ஆகவே, வீடு கட்டும் அன்பர்கள் மரத்தின் விலையைக் கேட்கும் முன் வேறு சிலவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும். மழை கதவில் அடிக்காதபடி மேலே தாழ்வாரம் உண்டா? வெளிவாசலும் உள்வாசலும் ஒரே நேர்கோட்டில் அமையாமல் சற்று விலகியுள்ளனவா? வந்தவர் ஒதுங்கி நிற்க நிழல் உண்டா? முதியவர் தடுக்கி விழாத படி உண்டா? இவற்றுக்கெல்லாம் 'ஆம்' என்ற விடை கிடைத்த பின், தாத்தா வைத்த நிலை உறுதியாக இருக்கிறதா என்று தச்சரை விட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்குமானால், அதுவே புதுவீட்டின் தலைவாசலாகட்டும்.