சிவப்பா, வெள்ளையா? மூதூருக்கு வரப்போகும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கட்டளைப் படிவம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து தொலைபேசியைத் திறந்தபோது சாச்சாவின் மகன் டோஹாவிலிருந்து இரண்டு பக்கப் படிவமொன்றை அனுப்பியிருந்தான். ஜப்பானிலிருந்து புத்தம் புதிதாக ஒரு மஸ்டா ரோட்ஸ்டர் இறக்க ஏற்பாடு. இரண்டே இருக்கை, மடிக்கும் கூரை. கீழே ஒரு குரல் பதிவு: “காக்கா, சிவப்பு எடுத்தா பிழையா? எல்லாரும் வெள்ளைதான் எடுக்கச் சொல்றாங்க. மத்தக் கட்டங்களுக்கும் நீங்கதான் சொல்லணும்.”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நானும் டோஹாவில் பதினொரு வருடம் இருந்தவன். அதில் ஏழு வருடம் ஒரு கார் விற்பனை நிலையத்தில், புதுக் கார்களை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் சரிபார்க்கும் பகுதியில் வேலை. கப்பலில் வந்த காரையும் கட்டளைப் படிவத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் தொழில். தம்பி பன்னிரண்டு வருடம் சேர்த்த காசு இது. “அந்தக் காசுக்கு ஒரு வளவு வாங்கலாமே” என்று மாமி சொல்வது நியாயம்தான். ஆனால் அவன் முடிவெடுத்துவிட்டான். இனி, எடுத்த முடிவைப் பிழையில்லாமல் நிறைவேற்றுவதுதான் எங்கள் வேலை. அவனுக்கு நான் சொன்னவை வேறு சிலருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரி. நிறத்தைப் பற்றிக் கேட்டவனுக்கு நான் சொன்ன முதல் பதில் இயந்திரத்தைப் பற்றியது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்தது. பெற்றோல் காருக்கான உற்பத்தி வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். கொள்ளளவு கூடக் கூட ஒவ்வொரு சிசிக்கும் உள்ள வரியும் கூடும். ரோட்ஸ்டரில் ஜப்பான் சந்தைக்குரிய வழமையான துணிக்கூரை வகை 1.5 லீற்றர், சரியாகச் சொன்னால் 1,500 சிசிக்குச் சற்றுக் குறைவு. உலோகக் கூரை மடியும் ஆர்எஃப் வகை 2.0 லீற்றர். ஜப்பானில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதல்ல. நமது துறைமுகத்தில் அந்த அரை லீற்றர் பல பத்து இலட்சங்களாக மாறிவிடும். ஆகவே கூரையைத் தெரிவுசெய்பவர் அதோடு வரியையும் தெரிவுசெய்கிறார்.

இரண்டாவது விடயம் பலருக்குப் படுவதில்லை. 2025இல் வந்த வரி ஒழுங்கின்படி, பெற்றோல் காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து 50 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஆடம்பர வரி உண்டு. அதற்குமேல் சுங்க வரியும் வற் வரியும். ரோட்ஸ்டர் இந்த எல்லையை அண்டிய விலைக் கார். எல்லையைத் தாண்டிய பின் படிவத்தில் நீங்கள் அடையாளமிடும் ஒவ்வொரு மேலதிக வசதியும் ஜப்பான் விலையில் வந்து இறங்காது. ஒரு இலட்சம் யென் பெறுமதியான சில்லுத் தொகுதி, யென் ஏறத்தாழ இரண்டு ரூபாய் என்று வைத்தால், இரண்டு இலட்சம் ரூபாய். சுங்கத்தைக் கடக்கும்போது அது அதன் இரட்டிப்பைத் தாண்டும். வரி வீதங்கள் மாறக்கூடியவை. கையெழுத்திடும் நாளில் நடைமுறையிலுள்ள வர்த்தமானியைக் கட்டாயம் பாருங்கள்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. தொழிற்சாலையில் மட்டும் பூட்டக்கூடியதற்குக் காசு கொடு, ஊரில் பூட்டக்கூடியதை ஊருக்கு விடு. பின் சில்லுகளுக்கு இழுவையைப் பகிரும் டிஃபரென்ஷல் வகை, சஸ்பென்ஷன், பிரேக், இருக்கை, கியர் ஆகியவை முதல் கூட்டம். இவற்றைப் பிறகு மாற்ற முடியும் என்பார்கள். முடியும்தான், ஆனால் இரண்டு மடங்கு செலவும் பாதித் திருப்தியும்தான் மிஞ்சும். கால் மிதி விரிப்பு, கதவுப் படி விளக்கு, சின்னப் பின் இறக்கை, தோல் உறை போட்ட கியர்த் தலை எல்லாம் இரண்டாவது கூட்டம். அவற்றைப் பஞ்சிகாவத்தையில் பார்த்துக்கொள்ளலாம்.

கியரில் தம்பியோடு கொஞ்சம் வாக்குவாதம். ஒட்டோ கியர் என்றால் விற்கும்போது இலகு என்றான். உண்மை. ஆனால் இவ்வளவு சின்ன, பாரமில்லாத காரை ஒட்டோவில் எடுப்பது, வஞ்சூரன் மீனை வாங்கி வந்து சூப் வைப்பது மாதிரி. ஆறு கியர் மனுவலை எடு என்றேன். இது என் சொந்த அபிப்பிராயம், ஏற்காதவர்கள் விட்டுவிடலாம்.

ஜப்பானுக்கு மட்டும் உதவுபவை

ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கான படிவத்தில் நமக்கு ஒரு பயனும் இல்லாத கட்டங்கள் பல இருக்கும். அதிவேக வீதிக் கட்டணத்தைத் தானாகச் செலுத்தும் கருவி அங்கே கட்டாயம் மாதிரி, இங்கே வெறும் பெட்டி. வழிகாட்டிக்கான வரைபட அட்டையில் ஜப்பான் மட்டும்தான் இருக்கும். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம், தொலைபேசியைத் திரையோடு இணைக்கும் வசதி இருந்தால் போதும். ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 முதல் 95 வரை. நம்முடையது 88 முதல் 108 வரை. ஆகவே 95க்கு மேலுள்ள நிலையங்கள் உங்கள் புதுக் காரில் பாடாது, மாற்றி எடுக்க ஒரு சின்னக் கருவி பூட்ட வேண்டும். குளிர்ப் பிரதேசத் தொகுதி என்று ஒரு கட்டம் வரும். இருக்கைச் சூடாக்கியும் அதைச் சேர்ந்ததே. சித்திரை மாதத்தில் மூதூரில் வெளியே நிறுத்திய காரின் இருக்கைக்குச் சூடாக்கி தேவைப்படாது.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. இந்தக் காரில் மேலதிகச் சில்லு இல்லை. காற்றுப் போன ரயரை அடைக்கும் திரவமும் சின்னப் பம்பியும்தான் தருவார்கள். ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. கந்தளாயைத் தாண்டி இரவில் நிற்பதைக் கற்பனை செய்துபாருங்கள். ஆகவே பெரிய சில்லும் மெல்லிய ரயரும் உள்ள தெரிவைத் தவிர்த்து, சின்னச் சில்லும் தடித்த ரயரும் உள்ளதை எடுக்கச் சொன்னேன். படத்தில் அழகு கொஞ்சம் குறையும். காரின் அடி நிலத்திலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான உயரம், நமது உள் வீதிகளின் வேகத்தடைகளை நினைத்தால் அதை இன்னும் தாழ்த்தும் ஸ்பிரிங் தொகுதியும் வேண்டாம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இந்த மாதிரிக் காரைத் திருகோணமலையிலிருந்து கிண்ணியா வழியே கொண்டுவருவதென்றால் பாதைப் படகின் பலகையில் ஏற்றியிருக்க வேண்டும். அடி தட்டாமல் ஏறியிருக்காது.

இனி உப்பு. கொட்டியாரக் குடாவிலிருந்து வீடு அரை மைல் தூரமும் இல்லை. வாடைக் காலத்தில் கதவுப் பிணைச்சல்கள் என்ன ஆகின்றன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேலிருக்கும் பெயின்ற்றை உப்பு அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. அடியில், மடிப்புகளில், கல் பட்டுச் சிதைந்த இடங்களில்தான் அது வேலையைத் தொடங்கும். ஆகவே படிவம் முழுவதிலும் எனக்குப் பிடித்த கட்டம், ஒருவரும் படம் எடுத்துப் போடாத கட்டம்: அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு. அதை அடையாளமிடச் சொன்னேன். துணிக்கூரையின் மழைநீர் இருக்கைக்குப் பின்னாலுள்ள துவாரங்கள் வழியே இறங்குகிறது. வேப்பிலை அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். நிழலுக்கு ஆசைப்பட்டு வேம்பின் கீழ் நிறுத்துவதைவிட ஒரு தகரக் கொட்டகை போடுவது மலிவு. கரையோரக் கிணறுகள் பலதில் நீர் உவர், அதால் கழுவினால் வெள்ளைப் பொட்டுப் படியும். குழாய் நீரால் கழுவி உடனே துடையுங்கள்.

நிறம்

உலகில் தயாராகும் புதுக் கார்களில் முக்கால்வாசிக்கும் மேல் வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி இந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் இந்தக் கூட்டத்தில் சேராத சாதி. 1900இல் தொடங்கிய கோர்டன் பெனற் கிண்ணப் பந்தயத்தில் நாட்டுக்கு ஒரு நிறம் என்ற வழக்கம் வந்தது. பிறகு இத்தாலிக்குச் சிவப்பு, பிரித்தானியாவுக்குக் கரும்பச்சை, பிரான்ஸுக்கு நீலம், 1930களில் ஜேர்மனிக்கு வெள்ளி என்று நிலைத்தது. 1965இல் மெக்சிக்கோவில் ஹொண்டா முதல் தடவை ஃபோர்மியுலா வண் பந்தயத்தை வென்றபோது அதன் கார் வெள்ளை உடம்பில் சிவப்பு வட்டம். ஆக ஜப்பான் காருக்கு வெள்ளையும் பழைய பெருமைதான், வெறும் விற்பனைக் கணக்கு மட்டுமல்ல.

தம்பி கேட்ட சிவப்பு, மஸ்டாவின் ‘சோல் ரெட் கிறிஸ்டல்’. மேலதிகக் காசு கேட்கும் நிறம். ஒளியைத் திருப்பும் ஒரு படை, அதன்மேல் கண்ணாடி மாதிரியான சிவப்புப் படை, அதன்மேல் தெளிந்த படை என்று மூன்று. அந்த ஆழம் அதனால்தான். சிக்கலும் அதனால்தான். நடுப்படை கொஞ்சம் தடித்தாலும் நிறம் இருண்டுவிடும். ஒரு கதவில் கீறல் விழுந்தால் கதவை மட்டும் அடித்துத் தப்ப முடியாது, பக்கத்துத் தகடுகளுக்கும் கலந்து இழுக்க வேண்டும். நமது பக்கத்து ரிங்கரிங் கராஜ்களில் கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் தூசி புகாத அறை இல்லாமல் இந்த நிறத்தைத் தொடச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

“அப்ப வெள்ளை எடுக்கவா?” என்றான். படிவத்தில் உள்ள வெள்ளையும் முத்து வெள்ளை. அதுவும் படைகளால் ஆனது, பொருத்துவதும் இலகுவல்ல. வெள்ளைக்காக எல்லோரும் சொல்லும் ‘திருத்துவது சுகம்’ என்ற வாதம் சாதாரண வெள்ளைக்குத்தான் பொருந்தும். வெயிலைக் குறைவாக உறிஞ்சும் என்பது மட்டும் உண்மை. கறுப்பு வேண்டவே வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் கழுவினால் பகலுக்குள் புழுதி நிறமாகிவிடும், துடைக்கத் துடைக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல் விழும்.

சாம்பல் நிறங்கள் அழகு, எனக்கும் விருப்பம். ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தக் கார் லொறிச் சாரதியின் கண்ணாடிக்குக் கீழே போய்விடும் அளவு தாழ்வானது. ஹபறணையிலிருந்து கந்தளாய் வரும் வீதியில் மழை இருட்டில் சாம்பல் நிறத் தாழ்வான கார், ஈரத் தாரோடு கலந்துவிடும். நமது கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஏன் மஞ்சளும் நீலமும் சிவப்பும் அடிக்கிறார்கள்? அழகுக்காக மட்டுமல்ல. மற்றவன் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவும்தான்.

திரும்ப விற்கும் கணக்கும் இதில் வேறு. குடும்பக் காரை வாங்க வருபவர் வெள்ளையைத் தேடுவார். இரண்டு இருக்கைக் காரை வாங்க வருபவரோ ஏற்கெனவே கணக்கை விட்டு வந்தவர். அவருக்குச் சிவப்பு குறையாகத் தெரியாது.

அதனால் சிவப்பையே எடு என்றேன். இரண்டு நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, திரையில் பார்த்து முடிவெடுக்காதே. அதே நிறத்தில் நிற்கும் ஏதாவதொரு மஸ்டாவை, எந்த மாதிரியானாலும் சரி, உச்சி வெயிலிலும் மஃரிபுக்கு முன்னும் இரண்டு தடவை போய்ப் பார். டோஹாவில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு, முன் மூக்குக்கும் கண்ணாடிகளுக்கும் கதவு விளிம்புகளுக்கும் கல் தெறிக்காத தெளிந்த ஒட்டுப்படலம் கார் இறங்கிய உடனேயே ஒட்ட வேண்டும். அதற்குரிய காசை, வேண்டாமென்று வெட்டிய சில்லுத் தொகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் குறியீடு. நான் வேலை செய்த இடத்தில் ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் சாவி வாங்க வந்து, காரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கேட்டது ஒரு நிறம், வந்தது வேறு. படிவத்தை எடுத்துப் பார்த்தோம். நிறக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அடியில் அவருடைய கையெழுத்து. யார் தட்டச்சிட்டது என்று பேசிப் பயனில்லாமல் போயிற்று. எட்டு மாதம் காத்திருந்த மனிதர், எங்களோடு சத்தம் போடவும் இல்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மஸ்டாவில் சோல் ரெட் கிறிஸ்டலின் குறியீடு 46வி. மெஷின் கிரே என்ற கருஞ்சாம்பலின் குறியீடு 46ஜி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். விலைப்பட்டியலிலும், வங்கிக்குக் கொடுக்கும் நாணயக் கடிதத்தோடு இணைக்கும் தாளிலும், இறக்குமதியாளரின் ஒப்பந்தத்திலும் மாதிரிக் குறியீடு, நிறக் குறியீடு, உள் நிறம், கியர் வகை நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் வரிசை உறுதியான பின் மாற்றம் ஏற்கமாட்டார்கள். எந்தத் திகதிவரை மாற்றலாம், முற்பணம் எந்த நிலையில் திரும்பாது என்பதை எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

நேற்றிரவு திருத்திய படிவம் வந்தது. குளிர்த் தொகுதி வெட்டப்பட்டிருந்தது. சின்னச் சில்லு, மனுவல் கியர், அடிப்பாகப் பூச்சு எல்லாம் சரி. நிறக் கட்டத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை பார்த்தேன். 46வி. வங்கிக்குப் போகும் தாளை இன்னும் அனுப்பவில்லை. அது வரும்வரை கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.