எந்தப் பாலை?

எறையூர் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அங்குள்ள சர்க்கரை ஆலையே. கரும்பு வண்டிகள் செல்லும் அவ்வழியில் வேலியோரம் நிற்கும் மரஞ்செடிகளை நின்று பார்ப்போர் மிகச் சிலர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே கடந்து சென்றோம். தவக்காலத்து நாளொன்றில், இலையுதிர்ந்த மரமொன்று வெண்பூக்களைச் சுமந்து நிற்கக் கண்டு அதன் பெயரைக் கேட்டோம். உடன் வந்த பெரியவர் "பாலை" என்றார். எந்தப் பாலை என்றபோது அவரும் தயங்கினார்.

அத்தயக்கம் சிறிய செய்தியன்று. பாலை என்னும் பெயர் தாங்கிய மரங்கள் தமிழில் பல. அவற்றுள் வெட்பாலையும் குடசப்பாலையும் வெண்பூவாலும், இணையிணையாகத் தொங்கும் நீண்ட காய்களாலும் ஒன்றுபோலத் தோன்றுவன. நாட்டு மருத்துவத்தில் இரண்டுக்கும் இடமுண்டு, குணமோ வேறு. ஒன்றின் விதை மற்றதன் பெயரால் விலைபோவது மருந்துச் சரக்கில் பழைய தொல்லை. வெட்பாலைப் பூவின் நடுவே குஞ்சம் போன்ற இழைகள் உண்டு. குடசப்பாலையில் அவை இல்லை. வெட்பாலையின் இளங்காய்கள் இரண்டும் நுனியில் ஒட்டியிருந்து, முதிர்ந்தபின் பிரியும். மற்றதன் காய்கள் பிரிந்தே தொங்கும். ஆக, பூவையும் காண வேண்டும், காயையும் காண வேண்டும். ஒருமுறை வந்து பார்த்தால் போதாது.

இந்த மண்ணுக்கே அந்தப் பொறுமை வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் தலைகாட்டும் தும்பையும் பிற சிறு பூண்டுகளும் மாசிக்குள் காய்ந்து மறையும். அதே மழைக்காலத்தில் வேலிகளில் செங்காந்தள் சுடர்போல் எரியும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதை அறியாதவர்க்கு அழகு மட்டுமே தெரியும். தைப் பொங்கலுக்கு ஆவாரை. பங்குனியில் இலுப்பையும் புங்கும் வேம்பும். சித்திரையில் சரக்கொன்றை. கோடையில் செந்நிறம் பூத்து நம் பள்ளி வளாகங்களை அழகு செய்யும் மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவினின்று வந்தது. சீமைக்கருவேலோ அமெரிக்கக் கண்டத்தது. பலர் இவற்றையும் நம் மரங்கள் என்றே எண்ணுகின்றனர்.

இந்தப் பொறுமையை நம் நாட்டில் முறையாகப் பழக்கியோருள் மறைப்பணியாளர் பலர். லின்னேயசின் மாணவரான கேனிக் 1768-இல் தரங்கம்பாடி வந்தார். 1776-இல் அங்கு வந்த லுத்தரன் குரு ராட்லர் செடிகளைச் சேர்த்து உலர்த்தினார். பின்னாளில் தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். சொல்லைத் தொகுத்தவரே செடியையும் தொகுத்தது நமக்கு வியப்பளிக்கவில்லை. இரண்டும் பெயரைக் காக்கும் பணிகளே. அவர் சேர்த்த செடிகள் இறுதியில் இலண்டன் கியூ தோட்டத்தைச் சென்றடைந்தன. அக்காலத்துத் தாவரவியலார் ராக்ஸ்பரோ, வெட்பாலை இலையிலிருந்து நீலச் சாயம் எடுக்கலாம் என எழுதினார். நம் வேலி மரத்துக்கு அப்படியும் ஒரு வரலாறு உண்டு.

ஆனால் செடிகள் கடல் கடந்து செல்ல, அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க இங்கு இடமின்றிப் போயிற்று. அக்குறையைத் திருச்சியில் தீர்க்க முனைந்தவர் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ. 1930-இல் பிறந்த அவர், தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவினார். அக்கல்லூரியில் முன்னர்ப் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைக் குருவின் பெயரையே அதற்குச் சூட்டினார். பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலை, அவற்றின் அடிவாரச் சமவெளிகள் எனப் பல பருவங்களில் செடிகள் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தப்பட்டு, தடித்த தாளில் ஒட்டப்பட்டு, ஓரத்தில் ஒரு சீட்டைப் பெற்றது: இடம், நாள், சேகரித்தவர், எண். இவ்வுழைப்பின் விளைவாக 'தமிழ்நாடு கர்நாடகப் பகுதியின் தாவரங்கள்' என்னும் ஆங்கில நூல்வரிசை 1981 முதல் 1988 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் அத்தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க இயலுமா? 1991-இல், மத்திய தமிழகத்திற்கென, பையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு நூலையும் அவர் தந்தார். மாணவர்க்கு உண்மையில் உதவியது இதுவே என்பது நம் எண்ணம். 2004-இல் அவர் மறைந்தார்.

அந்நூல்கள் எழுந்த காலத்தில் நம் பகுதி திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல். அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே இணைந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தது. எனவே பழைய சீட்டில் 'திருச்சி' என்றிருந்தால் அது நம் ஊர்ப்புறத்துச் செடியாகவும் இருக்கலாம் எனத் தேடுவோர் உணர வேண்டும். மாவட்டங்கள் மாறின, சாலைகள் அகன்றன, வரப்போர மரங்கள் பல வீழ்ந்தன. வீழ்ந்த மரம் அவ்விடத்தில் நின்றதற்குச் சில வேளைகளில் அந்த உலர்ந்த கிளை ஒன்றே சாட்சி.

ஆடி மாதம் நாம் மீண்டும் எறையூர் சென்றோம். வேலியோர மரம் இலை அடர்ந்து நின்றது. பச்சைக் காய்கள் இணையிணையாய், நுனியில் ஒட்டியவாறு தொங்கின. பெரியவரைத் தேடிப்பிடித்து, "ஐயா, அது வெட்பாலை" என்றோம்.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் அவர்.